பக்கத்து ரூம் இந்தோனேசியா பசங்களோட பாத்திக் மேசை போட்ட அனுபவம்

வெளிநாட்டு யுனிவர்சிட்டில கல்ச்சுரல் டேன்னு ஒண்ணு வந்தா எல்லா நாட்டுக்காரங்களும் ஒரே வேலையத்தான் பண்ணுவாங்க, ஒரு மேசை, மேல ஒரு கொடி, நாலு போஸ்டர், கொஞ்சம் பலகாரம், வர்றவங்க பலகாரத்த எடுத்து வாயில போட்டுக்கிட்டு போஸ்டர திரும்பிக்கூட பாக்காம அடுத்த மேசைக்கு போயிருவாங்க. நான் நெதர்லாண்ட்ல டெல்ஃப்ட்ல மாஸ்டர்ஸ் படிச்சப்போ எங்க ஃப்ளாட்ல பாதிப்பேர் இந்தோனேசியா பசங்க. பாத்திக் (துணில மெழுகால கோடு போட்டு சாயம் ஏத்துறது) மாதிரி அவங்க ஊர் துணிகள அந்த ஏரியா ஜனங்களுக்கு காட்டுறதுக்கு ஒரு நிகழ்ச்சி வெச்சாங்க, நான் எடுபிடியா கூடவே சுத்தினேன், சட்டி கழுவுனதுலேருந்து கியூ பாத்துக்கிட்டது வரைக்கும். நம்மாளுங்களும் சுங்குடி, கண்டாங்கி, காஞ்சிபுரம்ன்னு எதையாவது எடுத்துட்டு போய் காட்டணும்ன்னு ஆசைப்படுவாங்கல்ல, அவங்களுக்கு உதவும்ன்னு தான் இத எழுதுறேன்.

ஊர் நெலவரத்த முதல்ல சொல்லிடுறேன். நெதர்லாண்ட்ல இந்தோனேசியாவ யாருக்கும் புதுசா அறிமுகப்படுத்த வேண்டியதில்ல. 1602-ல டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிச்சு அங்க யாவாரத்துக்குப் போன டச்சுக்காரங்க, அப்புறம் ஆட்சியே பண்ணாங்க, 1945-ல சுதந்திரம் அறிவிச்சும் 1949 கடைசில தான் விட்டுக்கொடுத்தாங்க. அதுக்கப்புறம் அறுபதுகள் வரைக்கும் அங்கருந்து கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் கப்பல் ஏறி இங்க வந்துட்டாங்க, டச்சு-இந்தோனேசிய கலப்புக் குடும்பங்க தான் அதுல நெறைய. 1951-ல மட்டும் டச்சுப் படையில இருந்த மலுக்கு தீவு சிப்பாய்ங்க குடும்பத்தோட 12,500 பேர் வந்தாங்க. அதனால சூப்பர்மார்க்கெட்ல சம்பல் பாட்டிலும் நாசி கோரெங் (அவங்க ஊர் ஃப்ரைட் ரைஸ்) மசாலாவும் சர்வ சாதாரணம். இந்தோனேசியாலேருந்து படிக்க வந்த பசங்க இங்க சங்கம் வெச்சுக்கிறதும் 1908-லயே ஆரம்பிச்ச விஷயம், பின்னாடி அந்த நாட்டோட முதல் துணை ஜனாதிபதி ஆன முகமது ஹத்தா ராட்டர்டாம்ல படிச்சுக்கிட்டே அந்தச் சங்கத்துக்கு தலைவரா இருந்தவரு.

ஆக, சாப்பாடு தெரியும், பீச் தெரியும், பாலி தெரியும். துணின்னா மட்டும் "ஓ பாத்திக், எங்க பாட்டி மேசைல விரிச்சிருப்பாங்களே" அவ்ளோதான். பசங்களுக்கு அது தான் உறுத்துச்சு.

பாத்திக்க 2009 அக்டோபர் 2-ஆம் தேதி யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, அந்தத் தேதிய இந்தோனேசியால பாத்திக் தினமா வெச்சிருக்காங்க, அன்னைக்கு ஆபீஸ், ஸ்கூல் எல்லாம் பாத்திக் சட்டையோட தான். அத ஒட்டி ஏரியா சமூகக் கூடத்துல ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி வெக்கலாம்ன்னு ஜாவா தீவுல இருக்குற ஜோக்ஜா (யோக்யகர்த்தா) ஊர்ப் பொண்ணு ஆரம்பிச்சா (எல்லாரும் அவள ம்பாக்ன்னு கூப்பிடுவாங்க, அந்த ஊர் அக்கா, அதனால நானும் ம்பாக் தான்). சுமத்ரா தீவுல இருக்குற மேடான் ஊர்ப் பையன், மேடான்காரன், உடனே சண்டைக்கு கிளம்பிட்டான், "மறுபடியும் ஜாவா தானா?" அவன் பாத்தக் இனம், அவங்க வீட்டு துணி உலோஸ், தறில நெய்யறது, மெழுகுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சும்பா தீவுப் பையன் ஒண்ணும் பேசல, ஆனா ரூம்லேருந்து அவங்க அம்மா தறில நெய்த ஹிங்கிங்கிற துணிய எடுத்துட்டு வந்து சமையல்கட்டு மேசைல விரிச்சான், குதிரை, சேவல், இறாலு எல்லாம் நீலத்துலயும் செம்மண் சிவப்புலயும், எல்லாரும் கொஞ்ச நேரம் அதயே பாத்துட்டு நின்னாங்க. இந்தச் சண்டை ராத்திரி ஒரு மணி வரைக்கும் போச்சு. இந்தியா மேசைன்னாலே வட இந்தியா மேசையா மாறிடுற கதை எனக்கு நல்லாவே தெரியும்கிறதால மேடான்காரன் பக்கம் தான் என் ஓட்டு.

கடைசில ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாங்க, இத யார் வேணா அப்படியே எடுத்துக்கலாம்: கையால செஞ்சு பாக்குற மேசை பாத்திக்குக்கு, ஏன்னா ஒரு மதியானத்துல ஓரளவு செய்ய முடிஞ்சது அது ஒண்ணு தான். மத்த துணிக்கெல்லாம் பேச்சு மேசை, ஆனா அவங்கவங்க ஊர் துணிய பத்தி அவங்கவங்க மட்டும் தான் பேசணும், தெரியாத துணிக்கு விளக்கம் கிடையாது. ஜாவா பொண்ணு சும்பா துணிக்கு வியாக்கியானம் சொல்ல ஆரம்பிச்சா கூகுள்ல இருக்குறது தான் வரும்.

இப்ப வேலைக்கு வருவோம், முதல்ல மெழுகு. மாலாம்ன்னு சொல்றாங்க, தேன்மெழுகு, பாரஃபின், பைன் பிசின், டாமர் பிசின் எல்லாம் கலந்தது, கட்டிகட்டியா பழுப்பா பாக்க அச்சு வெல்லம் மாதிரியே இருக்கும். ம்பாக் லீவுக்கு ஊருக்கு போனப்போ சூட்கேஸ்ல கொண்டு வந்தா, கூடவே சாந்திங்கும், அதாவது மூங்கில் பிடி, முனைல சின்ன செம்புக் கிண்ணம், கிண்ணத்துலேருந்து வளைஞ்சு வர்ற ஒரு மெல்லிசு மூக்கு. உருக்குன மெழுகு அந்த மூக்கு வழியா இறங்கும், அதால துணில கோடு போடணும். கோடு போட்ட எடத்துல சாயம் ஏறாது, மொத்த பாத்திக்கும் இது தான். அப்புறம் சாயம் போட்டு, காய வெச்சு, கொதிக்கிற தண்ணில முக்கி மெழுக எடுத்துருவாங்க, இன்னொரு கலர் வேணும்ன்னா திரும்ப மெழுகு, திரும்ப சாயம். நல்ல பாத்திக் துலிஸ் (முழுக்க கையால வரைஞ்சது) ஒண்ணு முடிய மாசக்கணக்கா ஆகறது இதனால தான்.

சூடு தான் எல்லாமே. மெழுகு சூடு பத்தலைன்னா துணி மேலாப்புல மஞ்சளா திட்டா நிக்கும், உள்ள இறங்காது, பின்பக்கம் சாயம் புகுந்துரும். சூடு ஏறிடுச்சுன்னா மூக்குலேருந்து கொட்டி கோடு பரவிரும். துணில பட்டவுடனே அந்த எடம் கண்ணாடியா ஆகி பின்பக்கமும் கோடு தெரியணும், அது சரியான பதம். மெழுகு பொகைய ஆரம்பிச்சா உடனே எறக்கிடணும், தீ புடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, மூடி போட்டு மூடணும், அதனால ஒவ்வொரு அடுப்பு பக்கத்துலயும் அளவான மூடி ஒண்ணு கண்டிப்பா இருக்கணும்.

கூடத்துல நெருப்புக்கு அனுமதி இல்ல, ஸ்மோக் டிடெக்டர் வேற, அதனால கரண்ட் அடுப்பு தான். இங்க ஒரு விஷயம், பெரிய ஹாட் பிளேட்ட அங்கயும் இங்கயும் கடன் வாங்கி ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகுனா ட்ரிப் ஆகும். அந்த ஊர் வீட்டு லைன் ஒண்ணு 16 ஆம்பியர், 230 வோல்ட், அப்போ சுமார் 3,600 வாட் தான் தாங்கும், ரெண்டு மூணு பெரிய அடுப்புலயே அது முடிஞ்சிரும். கூடத்துக்காரங்ககிட்ட எந்த பிளக் எந்த லைன்னு முன்னாடியே கேட்டு மேசைய அதுக்கேத்த மாதிரி தள்ளிப் போடணும். இந்தோனேசியால பாத்திக்குக்குன்னே குட்டி கரண்ட் அடுப்பு விக்கிறாங்க, ரொம்ப கம்மி கரண்ட் தான் இழுக்கும், பிளக்கும் ஐரோப்பா பிளக் மாதிரியே இருக்குறதால அடாப்டர் தொல்லையும் இல்ல. நாம தான் மூணு முள்ளு பிளக்க வெச்சுக்கிட்டு ஊர் ஊரா அலையறோம்.

துணி கண்டிப்பா சுத்தமான காட்டன், பாலியஸ்டர் கலந்தது வேஸ்ட். கடைல வாங்குற வெள்ளைத்துணில கஞ்சி ஏத்தியிருப்பாங்க, அத சுடுதண்ணில அலசாம கொண்டு போனா சாயம் திட்டு திட்டா புடிக்கும். அளவு ஒரு கர்சீஃப் அளவே போதும், 30 சென்டிமீட்டர் சதுரம், பென்சில்ல டிசைன முன்னாடியே ட்ரேஸ் பண்ணி வெச்சிடணும். ம்பாக் எடுத்தது கவுங், நாலு நீள்வட்டம் எதிரும் புதிருமா, அரேன்ங்கிற பனை வகையோட காய குறுக்க வெட்டுனா தெரியற வடிவம்ன்னு சொல்வாங்க, புதுசா வர்ற கை போடக்கூடிய டிசைன். பாராங்ன்னு சாய்வா ஓடுற ஒண்ணு இருக்கு, அது ஜோக்ஜா அரண்மனைல ஒரு காலத்துல ராஜ குடும்பத்துக்குன்னு ஒதுக்கி வெச்சது, அத பயிற்சிக்கு குடுக்க அவளுக்கு மனசு வரல, எல்லாரும் அதுக்கு ஒத்துக்கிட்டாங்க.

சாயம் போடுறது, மெழுகு எடுக்குறது எல்லாத்தையும் ஒரே மதியானத்துல முடிக்கணும்ன்னு மட்டும் திட்டம் போடாதீங்க. காயவே நேரம் பத்தாது. இவங்க பண்ணது, ஒரே டிசைன அஞ்சு துண்டுல ஒவ்வொரு கட்டமா நிறுத்தி வெச்சு வரிசையா கம்பில மாட்டிட்டாங்க: வெறும் பென்சில், மெழுகுக் கோடு, உள்ள நிரப்புற புள்ளியும் கோடும், சாயம் ஏறுனது, மெழுகு எடுத்தது. அத பாத்தா யாருக்கும் லெக்சர் தேவைப்படல. வந்தவங்க மெழுகு வேலைய மட்டும் பண்ணிட்டு துணி ஓரத்துல பேர் எழுதிட்டு போகணும், சாயத்த பசங்க ஃப்ளாட்ல போட்டு கவர்ல அனுப்பி வெப்பாங்க, தபால் காச முன்னாடியே வாங்கிட்டாங்க. ரிஜிஸ்டர் பண்றதுக்கு 5 யூரோ வெச்சாங்க, இல்லன்னா பேர் குடுத்துட்டு வராம போயிருவாங்க, இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

முக்கியமானது, மெழுகுத் தண்ணிய சிங்க்ல ஊத்தவே ஊத்தாதீங்க. எங்களுக்கு முன்னாடி யாரோ ஒரு குரூப் அந்தக் கூடத்துல ஊத்தி பைப்புக்குள்ள மெழுகு ஒறைஞ்சு, பிளம்பர் செலவு அவங்க தலைல விழுந்துச்சாம், சாவி குடுக்குறப்பவே அந்தக் கதைய சொல்லித்தான் குடுத்தாங்க. ஆற விட்டா மெழுகு மேல ஏடா மிதக்கும், எடுத்து காய வெச்சு திரும்ப உருக்கலாம், ஜாவால பட்டறைகள்லயும் அதான் பண்றாங்க.

குழந்தைகளுக்கு தனி மேசை, வெள்ளை கிரேயான், பேப்பர், வாட்டர்கலர். வரைஞ்சு மேல கலர் அடிச்சா கோடு வெள்ளையா நிக்கும். சூடான மெழுகு பக்கமே விட வேணாம். சாப்பாடு வேற ரூம்ல, இதுல கறாரா இருக்கணும், சாத்தே (குச்சில குத்தி சுட்ட கறி) குச்சியோட கடலைச் சட்னிய கைல புடிச்சுக்கிட்டு ஒருத்தரு துணி மேசைய நோக்கி நடந்து வந்தப்போ நான் ஓடிப்போய் குறுக்க நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

நிகழ்ச்சி அன்னைக்கு டச்சுக்காரங்க சொன்ன நேரத்துக்கு பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நின்னாங்க. சாந்திங்க குடுத்தா முதல்ல எல்லாரும் பேனா மாதிரி செங்குத்தா புடிக்கிறாங்க, சொட்டிரும். பிடிய படுக்க வெச்சு, கிண்ணத்த பாதி மட்டும் நிரப்பி, அடிய சட்டி விளிம்புல தொடச்சு, துணிக்கு போற வரைக்கும் மூக்க மேல தூக்கி வெச்சு, இன்னொரு உள்ளங்கைல துணிய லேசா சாச்சுப் புடிச்சு, நிக்காம இழுக்கணும். மூக்கு அடைச்சா லேசா ஊதணும். ம்பாக் ஒவ்வொருத்தர் கையையும் தொட்டு திருத்தி விட்டா, யாருக்கும் வாயால விளக்கி புரிய வெக்க முடியல. நர்ஸ் வேலை பாக்குற ஒரு அம்மா ஒரு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்து மூணு கவுங் முடிச்சாங்க, எழுந்து இடுப்ப புடிச்சுக்கிட்டு, சுவத்துல தொங்குன ரெண்டரை மீட்டர் துணிகிட்ட போய் அத திருப்பிப் பாத்துட்டு, "இத பண்ணவங்களுக்கு எவ்வளவு கெடைக்கும்?"ன்னு கேட்டாங்க. யாருகிட்டயும் நேரான பதில் இல்ல. ஜோக்ஜா பக்கத்துல கிரிலோயோங்கிற ஊர்ல பொம்பளைங்க வரைஞ்சதுன்னு ம்பாக்குக்கு தெரியும், 2006 பூகம்பத்துல அந்த ஏரியாவே இடிஞ்சு விழுந்தப்புறம் பாத்திக்க வெச்சு தான் நெறைய குடும்பம் எழுந்துச்சுன்னும் தெரியும், ஆனா கூலி தெரியல. நம்ம ஊர் பொடவைய காட்ட எடுத்துட்டு போறவங்களுக்கு சொல்றேன், வாங்குறப்பவே எந்த ஊரு, யார் நெய்தாங்க, எவ்ளோ நாளாச்சு, கூலி எவ்ளோன்னு கேட்டு எழுதி வெச்சுக்கங்க, அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

பிரிண்ட் துணிக்கும் நிஜ பாத்திக்குக்கும் வித்தியாசம் காட்ட மூணு துணிய பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க, கையால வரைஞ்சது, சாப்ங்கிற செம்பு அச்சால மெழுகு வெச்சது, மெஷின் பிரிண்ட். பிரிண்ட்ட திருப்புனா பின்பக்கம் வெளிறிப் போயிருக்கும். சாப்ல டிசைன் ஒரே அளவுல திரும்பத் திரும்ப வரும். கைல வரைஞ்சதுல எந்த ரெண்டு புள்ளியும் ஒரே அளவு இருக்காது, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணா தெரியும். ஜனங்க துணிய திருப்பிப் பாக்க கத்துக்கிட்டதே பெரிய லாபம், அன்னைக்கு சாயங்காலம் அவங்கவங்க போட்டிருந்த சட்டையவே திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஆனா நிகழ்ச்சிய தூக்கி நிறுத்துனது இதெதுவுமே இல்ல. நோட்டீஸ் அடிக்கிறப்போ கூடத்துல காபி போடுற வாலன்டியர் அம்மா ஒருத்தங்க, அவங்களே கலப்புக் குடும்பம் தான், "வீட்ல பழைய துணி இருந்தா எடுத்துட்டு வாங்கன்னு ஒரு வரி போடுங்க"ன்னு சொன்னாங்க. யாரு கொண்டு வரப்போறாங்கன்னு நெனச்சு ஓரமா ஒரு சின்ன மேசைய போட்டோம். ரெண்டு மணிக்கெல்லாம் அந்த மேசைக்கு தான் கியூ. சூப்பர்மார்க்கெட் பைல, பிஸ்கட் டப்பாவுல, தலகாணி உறைக்குள்ள சுத்தி, எல்லாம் அம்மாவோடது, பாட்டியோடது, பரண்லேருந்து எறக்குனது.

ஒரு ஓமா (அங்க பாட்டிய அப்படித்தான் கூப்பிடுறாங்க) நடக்க உதவுற தள்ளுவண்டிய புடிச்சுக்கிட்டு வந்து, நம்ம கைலி மாதிரி இருக்குற ஒரு சாரோங்க எடுத்து வெச்சாங்க. க்ரீம் கலர் அடித்தளம், அதுல பூங்கொத்து, கிளையில பறவை, ஒரு பக்கம் அகலமா வேற டிசைன் பட்டை, ஓரத்துல லேஸ் வெச்ச மாதிரி கரை. மடிச்ச மடிப்புலயே ஒரு எடம் கிழிஞ்சிருந்துச்சு. எங்க குரூப்ல ஜாவாவோட வடக்குக் கரைல இருக்குற பெகலோங்கான் ஊர்ப் பொண்ணு ஒருத்தி இருந்தா, அது வரைக்கும் டீ கப் அடுக்கிக்கிட்டு இருந்தவ, வந்து கைய தொடச்சுக்கிட்டு துணிய திருப்பிப் பாத்தா, பூ இதழுக்குள்ள இருக்குற புள்ளி வரிசைய விரல் படாம காட்டி, "இது எங்க ஊரு"ன்னா. பெகலோங்கான்ல அந்தக் காலத்துல டச்சு கலப்புக் குடும்பத்துப் பொம்பளைங்க பட்டறை வெச்சு இந்த பூங்கொத்து டிசைன்ல பாத்திக் போட வெச்சு வித்தாங்க, துணி மூலைல கையெழுத்தும் போடுவாங்க. இதுலயும் மூலைல கையெழுத்து இருந்துச்சு, பாதி தேஞ்சு போய் படிக்க முடியல. ஓமா ஏதோ பழைய காலத்து மலாய்ல சொன்னாங்க, இவ பதில் சொன்னா, அப்புறம் அரைமணி நேரம் ரெண்டு பேரும் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. ஓமாவோட பேத்தி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா, பாட்டிக்கு இந்த பாஷை வரும்ன்னே அவளுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சாம்.

இன்னொரு வயசானவரு கொண்டு வந்தது பாகி-சோரே, ஒரே துணில குறுக்க ரெண்டு டிசைன், காலைல ஒரு பக்கம் வெளிய தெரியற மாதிரி கட்டலாம், சாயங்காலம் அடுத்த பக்கம். 1942-லேருந்து 45 வரைக்கும் ஜப்பான்காரன் பிடிச்சு வெச்சிருந்த காலத்துல பருத்தித் துணிக்கு ஏக பஞ்சம், அப்போ இந்த வகை நெறைய வந்துச்சு. இத ம்பாக் சொன்னவுடனே அவரு சின்ன வயசுல அம்மாவோட ஜப்பான்காரன் அடைச்சு வெச்ச முகாம்ல இருந்தத சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. துணி மேசை போடுறவங்க இதுக்கு தயாரா இருக்கணும், அந்த மேசைகிட்ட நாற்காலி வேணும், தண்ணி வேணும், டிஷ்யூ வேணும், அவசரமே படாத ஒரு ஆள் வேணும். போட்டோவ கேக்காம எடுக்கக்கூடாது.

அந்த மேசைக்கு நாங்க அங்கயே போட்டுக்கிட்ட சட்டம் சில உண்டு. துவைச்ச வெள்ளை பெட்ஷீட் விரிச்சு அது மேல தான் துணி. கை கழுவி நல்லா காஞ்சிருக்கணும், மோதிரம் கழட்டணும். எழுத பென்சில் மட்டும், பேனா மூடி திறந்திருந்தா நான் பிடுங்கிருவேன். ஜன்னல் வெயில் படக்கூடாது. "இது எவ்ளோ விலை போகும்?"ன்னு யாரு கேட்டாலும் விலை சொல்லக்கூடாது, "இது எந்த வருஷம்?"ன்னு கேட்டா உறுதியா தெரியாம வருஷம் சொல்லக்கூடாது. இந்த ரெண்டுல தான் ஆர்வக்கோளாறுல நெறைய பேர் வாய விடுவாங்க.

கானாவுலேருந்து வந்து செட்டில் ஆன ஒரு அம்மா பளபளன்னு ஒரு வாக்ஸ் பிரிண்ட் (பாத்திக் மாதிரியே மெஷின்ல அடிக்கிற துணி) கட்டிக்கிட்டு வந்து "இதுவும் உங்களோடதான்னு பாருங்க"ன்னு சிரிச்சாங்க. ஒரு வகைல ஆமா. ஜாவா பாத்திக்க மெஷின்ல போட்டு ஜாவாவுலயே மலிவா விக்கலாம்ன்னு டச்சு ஆலைகள் பாத்துச்சு, நெதர்லாண்ட்ல ஹெல்மண்ட் ஊர்ல 1846-ல ஆரம்பிச்ச விளிஸ்கோ அதுல பெரிய பேரு. ஜாவாவுல அது பெருசா எடுபடல, மேற்கு ஆப்பிரிக்காவுல பிச்சுக்கிட்டு போச்சு. 1831-லேருந்து 1872 வரைக்கும் இன்னைக்கு கானாவுல இருக்குற எல்மினா பக்கத்துலேருந்து சுமார் 3,000 ஆப்பிரிக்க சிப்பாய்ங்கள டச்சுக்காரங்க ஜாவாவுக்கு கூட்டிட்டு போனாங்க, ஊர் திரும்புனவங்க பாத்திக்கும் கொண்டு போனாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. அந்த அம்மாவ ம்பாக் பக்கத்துல நிக்க வெச்சு ரெண்டு துணியையும் திருப்பிக் காட்டுனது அன்னைக்கு நடந்ததுலயே சிறந்த வகுப்பு, யாரும் திட்டம் போடல.

கஷ்டமான கேள்வியும் வந்துச்சு. ஒருத்தர் நேரா, "எங்க மியூசியத்துல இருக்குற உங்க சாமானெல்லாம் திருடுனதா?"ன்னு கேட்டாரு, டச்சுக்காரங்க சுத்தி வளைக்க மாட்டாங்க. இத பசங்க எதிர்பாத்து ரெண்டு பேர முன்னாடியே நியமிச்சிருந்தாங்க. 2023-ல நெதர்லாண்ட் 478 பொருள இந்தோனேசியாவுக்கு திருப்பிக் குடுத்துச்சு, லோம்போக் தீவுப் புதையலும் ஜாவாவோட சிங்கோசாரி கோயில் சிலைகளும் அதுல உண்டு. அத சொல்லி, எல்லாமே திருடுனதில்ல, காசு குடுத்து வாங்குனதும் உண்டு, பரிசா வந்ததும் உண்டு, ஒவ்வொண்ணா தான் பாக்கணும்ன்னு நிதானமா பேசுனாங்க. கோவமா ஒருத்தன், சமாளிப்பா ஒருத்தன்னு ஆளுக்கு ஒரு பதில் போயிருந்தா கூடமே கலைஞ்சிருக்கும்.

"நான் இத போட்டுக்கலாமா?"ங்கிற கேள்விக்கு துணிக்கு துணி பதில் வேற. பாத்திக் சட்டைக்கு தாராளமா, மண்டேலாவே 1990-ல இந்தோனேசியா போனதுலேருந்து போட்டாருன்னு ம்பாக் சொல்லிருவா. உலோஸ மட்டும் மேடான்காரன் யார் தோள்லயும் போட விடல. அது பெரியவங்க கையால சின்னவங்க தோள்ல போர்த்தி விடுறது, கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாத்துக்கும் முறை இருக்கு, அவன் படிக்கக் கிளம்புனப்போ அப்பா அம்மா போர்த்துனது அது. போட்டோக்கு போஸ் குடுக்க தர மாட்டேன்னு சிரிச்ச முகமா சொன்னான், ஏன்னும் சொன்னான், ஒருத்தரும் முகம் சுளிக்கல. குடுக்க மாட்டோம்ன்னு சொல்ற துணி ஒண்ணு மேசைல இருந்தா மத்த துணிக்கும் மரியாதை கூடுது, இத நான் கண்ணால பாத்தேன்.

சும்பா பையனுக்கு வேற சிக்கல். அங்க நீலச் சாயம் போடுறது பொம்பளைங்க வேலை, ஆம்பளைங்க அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு, அதனால எப்படி சாயம் போடுறாங்கன்னு கேட்டா எனக்கு தெரியாதுன்னு சொல்லிட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். இங்க மதியானம் ரெண்டு மணி, அங்க ராத்திரி எட்டு. அம்மா தறிய காட்டுனாங்க, நூல தறில ஏத்தறதுக்கு முன்னாடியே டிசைன்படி கட்டு கட்டா ஓலை நார்ல கட்டி வெச்சிருந்தத காட்டுனாங்க, கட்டுன எடத்துல சாயம் ஏறாது, நெய்யறதுக்கு முன்னாடியே குதிரை நூல்லயே இருக்கு. சிவப்புக்கு எதுன்னு கேட்டதுக்கு ஒரு வேர தூக்கிக் காட்டுனாங்க, நம்ம ஊர் நுணா (மஞ்சணத்தி) மரத்தோட சொந்தக்கார மரம் அது. வீடியோ கால் வெக்கிறவங்க நேர வித்தியாசத்த பாத்துக்கங்க, பெரிய ஸ்கிரீன்ல போடுங்க, மொழிபெயர்க்க ஒரு ஆள் தனியா வேணும், பையனே அம்மாகிட்ட பேசி பையனே சொன்னா பாதி விட்டுப்போகும், செல்லம் கொஞ்சுற எடம் மட்டும் எல்லாருக்கும் புரியும்.

நான் சும்மா வேடிக்கை பாக்குற ஆளா தான் போனேன், ஆனா பசங்க என்னையும் ஒரு ஓரத்துல நிக்க வெச்சாங்க, அம்மாவோட மதுரை சுங்குடிப் பொடவையோட. முடிச்சு போட்டு சாயம் முக்குறது ஜாவாலயும் சுமத்ராவுல பாலெம்பாங்லயும் உண்டு, ஜும்புத்தான்னு சொல்றாங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சா வர்றவங்களுக்கு சொல்லவே வேணாம். மெழுகு கூட நமக்கு புதுசில்ல, தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்களுக்காக கும்பகோணம் பக்கம் கொடாலிக் கருப்பூர்ல நெய்த பொடவைல மெழுகு போட்டு சாயம் ஏத்துற வேலை இருந்துச்சு, இப்ப மியூசியத்துல தான் பாக்க முடியும். டச்சுக்காரங்க பழவேற்காட்டுல கோட்டை கட்டுனதே நம்ம கரையோரத் துணிய வாங்கி அந்தத் தீவுகள்ல குடுத்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கத்தான், இத அந்த ஊர்ல நின்னு சொல்றப்போ ஒரு தனி சொகம் இருந்துச்சு, பொய் சொல்லல.

நம்ம பூந்திக்கொட்டை விஷயம் தான் ஓமாக்கள்கிட்ட ஹிட். பழைய பாத்திக்க டிடர்ஜென்ட்லயோ வாஷிங் மெஷின்லயோ போடக்கூடாது, ஜாவாவுல லெராக்ங்கிற கொட்டைய ஊற வெச்சு நுரை எடுத்து அலசுறாங்க, அது நம்ம பூந்திக்கொட்டை வகை தான், எங்க வீட்ல பட்டுக்கு அதான். ஹேக் நகரத்துல இந்திய சாமான் கடைல ரீத்தான்னு கேளுங்கன்னு நான் நாலு பேருக்கு எழுதிக் குடுத்தேன். கிழிசல் இருக்குற துணிய மட்டும் தண்ணில போடாதீங்க, மடிக்காம அட்டைக் குழாய்ல சுருட்டி வெள்ளை காட்டன் சுத்தி வெயில் படாம வைங்கன்னு பெகலோங்கான் பொண்ணு சொல்லி அனுப்புனா.

நாங்க யோசிக்காத ஒண்ணு கடைசில வந்துச்சு. சாயங்காலம் சாமான் அடுக்குறப்போ ரெண்டு மூணு பேர் திரும்பி வந்து, "எங்க பிள்ளைங்களுக்கு இது வேணாமாம், நீங்களே வெச்சுக்கங்க"ன்னு துணிய நீட்டுனாங்க. வாங்க ஆசையாத்தான் இருந்துச்சு, ஆனா ஹாஸ்டல் அலமாரில என்னத்த பாதுகாக்குறது, படிப்பு முடிஞ்சா ஆளுக்கு ஒரு ஊரு. பசங்க வாங்கல. துணிய விரிச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, யாரோடது, எந்த ஊர்ல கட்டுனது, எப்ப இங்க வந்துச்சுன்னு அவங்க சொல்லச் சொல்ல எழுதி, அத பிரிண்ட் எடுத்து துணியோடவே வெக்கச் சொல்லி தபால்ல அனுப்புனாங்க, மியூசியத்துக்கு குடுக்கணும்ன்னு நெனச்சாலும் அந்தக் காகிதம் இருந்தா தான் மதிப்பாங்க. வீட்ல பேரப்பிள்ளைங்கள ஒரு தடவ உக்கார வெச்சு அத படிச்சுக் காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கன்னும் சொன்னாங்க. அடுத்த வருஷம் நடத்துனவங்க பழைய துணி மேசைய தான் நடுவுல போட்டாங்க, மெழுகு மேசை ஓரத்துக்கு போயிருச்சு.